இரவல் நாள்

நங்கைக்கு அப்பா என்றால் சனி, ஞாயிறுகளில் வந்துபோகிற விருந்தாளி. மற்ற நாட்களில் அவள் கண் விழிப்பதற்குள் தவசிமுத்து ரயிலேறிப் போயிருப்பான். திரும்பி வரும்போது பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு தூங்கிப்போயிருக்கும். ஒருமுறை காய்ச்சல் என்று திங்கட்கிழமை அவன் வீட்டிலேயே கிடந்தான். பிள்ளை எழுந்து வந்து பார்த்துவிட்டு, "இன்னைக்கு சனிக்கிழமையாம்மா?" என்று கேட்டது. செண்பகவல்லி சிரித்தாள். தவசிமுத்து சிரிக்கவில்லை. போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

அன்றைக்குத்தான் வீடு மாற்றுவது என்று முடிவானது. எங்கே என்பதுதான் முடிவாகவில்லை.

கோவில்பட்டியிலிருந்து அமெரிக்கா வந்த நாள் முதலாக அவர்கள் குடியிருந்தது ஒரு பெரிய வீட்டின் பேஸ்மென்டில். தரைக்குக் கீழே வீடு. மழை பெய்தால் தெருவுக்கு முன்னால் இவர்களுக்குத் தெரிந்துவிடும், அவ்வளவுதான் வெளியுலகம். அடுத்த வருடம் நங்கை பள்ளியில் சேர வேண்டும். அந்த நாட்டில் எந்த ஊரில் வீடோ அந்த ஊரில்தான் பள்ளிக்கூடம். அதனால் வீடு பார்ப்பது என்றால் வீடு மட்டும் பார்ப்பதல்ல, பிள்ளையின் தலையெழுத்தையும் சேர்த்துப் பார்ப்பது.

இரண்டு ஊர்கள் கைக்கு வந்தன. தெற்கே ஹேசல்புரூக். அங்கே தவசிமுத்துவின் கம்பெனிக்கு ஒரு கிளை இருந்தது, கேட்டால் மாற்றிக் கொடுப்பார்கள். இங்கேயே இன்னும் தள்ளிப் போனால் பிரின்டன்.

"நாலு ரூம், வல்லி. பின்னால தோட்டம். ஆபீசு பத்து நிமிசம். மத்தியானம் வீட்டுக்கு வந்து சுடுசோறு தின்னுட்டுப் போவேன்லா" என்றான் தவசிமுத்து.

"அந்த ஊர்ல கத்திரிக்கா வாங்கப் போறவன்கூட இடுப்புல துப்பாக்கி சொருகிட்டுப் போவானாம்லா?"

"சுட்டாத்தான துவையலு."

"வெளையாடாதீங்க."

"நான் எங்க வெளையாடுதேன்? சட்டம் விட்டிருக்கு, வச்சிருக்கான். உரிமம் வேண்டாங்கான், கேள்வி வேண்டாங்கான். நாம நம்ம சோலியப் பாக்கப்போறோம். பிரின்டன்ல என்ன வாழுது? துப்பாக்கி வேணும்னா பாட்டன் பூட்டன் வரைக்கும் விசாரிச்சுத்தான் கொடுப்பான், சரி, நல்ல சட்டந்தான். ஆனா வீடு? நம்மூர்த் தீப்பெட்டில அம்பது குச்சியாவது அடங்கும். அந்த வீட்டுல நாம மூணு பேரு அடங்க மாட்டோம். அதுக்குச் சொல்லுத வெலையக் கேட்டா நெஞ்சு அடைக்கு. போதாக்குறைக்கு ரெண்டு ரயிலு மாறணும்."

"புள்ள பள்ளிக்கூடம் போகணுங்க."

"அதுக்கு மொதல்ல அப்பன் மூஞ்சி எப்படி இருக்கும்னு தெரியணும்லா."

அவன் சொன்னதில் தப்பு இல்லை. இரண்டு பேரும் பிள்ளைக்காகத்தான் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டைதான் தீரவே தீராது.

அப்போதுதான் யாரோ சொன்னார்கள், இப்போதெல்லாம் வீடு வாங்குகிறவர்கள் இரவல் நாள் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறார்கள் என்று.

இரவல் நாள் கடை ஒரு பல் டாக்டருக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் இருந்தது. உள்ளே இரண்டு சாய்வு நாற்காலி, ஒரு மீன் தொட்டி. கடையைப் பார்த்துக்கொள்கிறவன் தூத்துக்குடிக்காரன், ஜெபராஜ் என்று பெயர். "கோவில்பட்டியா? கடலைமிட்டாய் கொண்டாந்தாத்தான் உள்ள விடுவேன்" என்று வாசலிலேயே மறித்தான்.

"மொதல்ல உம்ம ஊரு மக்ரூன் எடுத்து வையும், பொறவு பேசுவோம்" என்றான் தவசிமுத்து. அத்தோடு மூன்று பேரும் உறவாகிவிட்டார்கள்.

"இது என்ன தம்பி, சினிமா மாதிரியா?" என்று கேட்டாள் வல்லி.

"சினிமால நீங்க வெளிய இருந்து பாப்பீங்க. இதுல உள்ள இருப்பீங்கக்கா. அந்த ஊர்ல குடியிருக்கற ஒருத்தங்க, தலையில மெல்லிசா ஒரு வலையப் போட்டுக்கிட்டு ஒரு நாள் பூரா வாழ்ந்து குடுப்பாங்க. கண்ணு பாத்தது, காது கேட்டது, மூக்கு, நாக்கு, தோலு, எல்லாம் பதிவாயிரும். அத நீங்க போட்டுக்கிட்டா அவங்க நாளு உங்க நாளு."

"அவங்க நெனச்சது?"

"மனசு வராது. அந்த அளவுக்கு இன்னும் மிஷின் வளரல. வளரவும் வேண்டாம், கர்த்தரே." சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினான். "வீடு விக்கற கம்பெனிதான் இதுக்குக் காசு குடுக்கறது. அதனால கொஞ்சம் கூட்டிப் பெருக்கித்தான் அனுப்புவாங்க. சண்டை சச்சரவு, அழுகை, மூஞ்சி, பேரு, இதெல்லாம் வராது. நெஞ்சு படபடன்னு அடிச்சாக்கூட சமமாக்கிருவாங்க. நாளைக் குடுக்கறவங்களும் ஊரப் பத்தி வாயைத் தொறந்து நல்லது கெட்டது சொல்லக் கூடாது, அதான் பேச்சு."

"அப்போ கல்யாண வீட்டு போட்டோ மாதிரி" என்றாள் வல்லி. "எல்லாரும் சிரிச்சுக்கிட்டே இருப்பாங்க."

ஜெபராஜ், மீன் தொட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்ற நங்கையைப் பார்த்தான். பிறகு, "ஹேசல்புரூக்குக்கு ஒரு தமிழம்மா குடுத்த நாள் இருக்கு. அதையே போடறேன்" என்று நாற்காலியைச் சாய்த்தான்.

என்ன சொல்ல! வல்லி கண்ணை மூடித் திறந்தால், வெளிச்சம். தரைக்குக் கீழே இருந்தவளுக்கு அத்தனை வெளிச்சம் கண் கூசியது. பெரிய அடுப்படி, நான்கு பேர் நின்று சமைக்கலாம். ஜன்னலுக்கு வெளியே தொட்டியில் முருங்கை வளர்ந்து, பூ விட்டிருந்தது. அவளுடைய கை, இல்லை, அந்த அம்மாளுடைய கை, தோசையைத் திருப்பிப் போட்டது. இடது பெருவிரல் நகம் நடுவில் பிளந்து இரண்டாக வளர்ந்த கை. மோதிர விரலில் நெளி மோதிரம். குளித்துத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அந்தக் கை சாமி விளக்கை ஏற்றியது. நல்லெண்ணெய் வாசனை கோவில்பட்டி வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஒரு பெண் பிள்ளை பள்ளிக்கூடம் போனது. புருஷன் மத்தியானம் வீட்டுக்கு வந்து, ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்து, குட்டித் தூக்கம் போட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் தோட்டத்துச் செடிக்குத் தண்ணீர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற வெள்ளைக்காரர் கையை ஆட்டினார். நிம்மதி என்றால் இதுதான் என்று வல்லியே ஒத்துக்கொண்டிருப்பாள்.

கால்தான் விடவில்லை.

காலையில் அடுப்படியில் நின்றபோதே என்னவோ உறுத்தியது. விளக்கேற்றும்போது நன்றாகத் தெரிந்தது. பாதத்தை ஏதோ கவ்விப் பிடித்திருக்கிறது. குனிந்து பார்க்க முடியாதே, இரவல் கண் அந்த அம்மாள் பார்த்த இடத்தைத்தானே பார்க்கும். கடைசியில் அந்த அம்மாளே ஒருமுறை குனிந்து பார்த்தாள், வேலை ஒன்றும் இல்லாமல், சாமி முன்னால் நின்றபடி, கொஞ்சம் அதிக நேரமாகவே பார்த்தாள். ஷூ. ஓடுவதற்குப் போடுவார்களே, அந்த ஷூ. நாடாவை இறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையும் ஷூவோடு சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்தது. அம்மா ஒரு வார்த்தை அதட்டவில்லை.

நாற்காலியை விட்டு எழுந்ததும் வல்லி முதலில் தன் காலைத்தான் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"எப்படி?" என்றான் தவசிமுத்து ஆவலாக.

"சாமி முன்னால ஷூவோட நிக்காங்க."

"என்னது?"

"அடுப்படில ஷூ. விளக்கேத்தும்போது ஷூ. பொழுது பூரா ஷூவோடதான் இருக்காங்க."

"அமெரிக்கா வந்து ரொம்ப நாளாயிருக்கும். மாறிருப்பாங்க. இதப் போயி…"

"மத்ததுல எது மாறியிருக்கு? தலைக்கு ஊத்திட்டு, துண்டைச் சுத்திட்டு, நல்லெண்ணெயில விளக்குப் போடுதாங்க. வெள்ளிக்கிழமை மாதிரி வாசனை. அப்படிப்பட்டவங்களுக்கு சாமி முன்னால ஷூவோட நிக்க எப்படிங்க மனசு வரும்?" ஜெபராஜ் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீங்க சொல்லுங்க."

"எங்க வீட்லயும் வாசல்லதான்க்கா கழட்டுவோம்" என்றான் ஜெபராஜ். மீனுக்குத் தீனி போடப் போய்விட்டான்.

சும்மா சொல்லக் கூடாது, தவசிமுத்து வல்லியின் பேச்சைத் தட்டிவிடுகிற ஆள் இல்லை. ஆனால் ஒரு ஷூவுக்காக நான்கு அறை வீட்டை விடவும் அவனுக்கு மனம் வரவில்லை. "நேர்ல போயிப் பாத்துருவோம். அங்கயும் உனக்குப் புடிக்கலன்னா பேச்சே இல்ல" என்றான். அடுத்த வாரக் கடைசியில் மூன்று பேரும் கிளம்பிப் போனார்கள்.

ஹேசல்புரூக்கைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அகலத் தெரு, ஆளுக்கொரு மரம், வழியில் பார்த்தவர்களெல்லாம் நின்று நலம் விசாரித்தார்கள். அதில் இரண்டு பேர் இடுப்பில் துப்பாக்கி தொங்கியது, அவர்களும் நலம்தான் விசாரித்தார்கள். காட்டிய வீட்டில் நங்கை அறை அறையாக ஓடி, "இது யாருக்கு? இது யாருக்கு?" என்று கத்தியது. தவசிமுத்துவின் முகத்தைப் பார்க்கவே வல்லிக்குப் பாவமாக இருந்தது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற மாதிரி ஒரு முகம். சாயங்காலம் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டு, பிள்ளைக்குப் பால் வாங்க இந்தியக் கடைக்குப் போனார்கள்.

அங்கே ஒருத்தி முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

வல்லி அப்படியே நின்றுவிட்டாள். இடது பெருவிரல் நகம் நடுவில் பிளந்திருந்தது. நெளி மோதிரம். முகம் முன்பின் தெரியாத முகம். கையோ, ஒரு நாள் முழுக்க அவளுடைய கையாக இருந்த கை.

"அக்கா" என்றாள். இன்னும் பக்கத்தில் போனாள். மறுபடியும், "அக்கா, நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா நீங்க… சாமி முன்னால ஷூவோட நின்னீங்கள்லா?"

அந்த அம்மாள் முருங்கைக்காயைக் கீழே வைத்தாள். சிரிப்பு மாதிரி ஒன்று வந்து பாதியில் அழுகையாக மாறியது. "கேட்டுட்டியாம்மா" என்றாள். "ரெண்டு வருசமா எதிர்பாத்துட்டு இருக்கேன். கவனிச்சவங்க வராம இருந்திருப்பாங்க. கவனிக்காதவங்க வந்து வீடு வாங்கியிருக்காங்க. நேர்ல வந்து கேட்டது நீதான்."

பெயர் உலகம்மை, கடையநல்லூர்ப் பக்கம். கடைக்குப் பின்னால் டீ போட்டுக் கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்தார்கள். நங்கை பிஸ்கட்டைப் பாலில் முக்கிக்கொண்டிருந்தது.

"எம்மவ ஆவுடை படிக்கற பள்ளிக்கூடத்துல ஒரு பையன் அவங்க அப்பா துப்பாக்கிய எடுத்துட்டு வந்துட்டான்" என்றாள் உலகம்மை. அவள் அதைச் சொன்ன விதம், பல தடவை மனசுக்குள் சொல்லிப் பழகியது போல இருந்தது. "எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆகல. முழுசா வீட்டுக்கு வந்துட்டா. எல்லா வீட்டுக்கும் அப்படி இல்ல, அத விடு. ஆனா அன்னைல இருந்து அவ ஷூவக் கழட்ட மாட்டேங்கா. ஓடணும்னா ஓடணுமேங்கா. படுக்கும்போதும் ஷூதான். நான் போர்வைக்குள்ள கையை விட்டு முடிச்ச அவுத்தா முழிச்சுக்கிடுதா."

தவசிமுத்து டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

"இரவல் நாள் கேட்டு வந்தாங்க. வீட்டுத் தவணையில கொறைப்போம்னாங்க. மொதத் தடவை குடுத்த நாள்ல என்னை அறியாம அழுதுட்டேன், வேண்டாம்னுட்டாங்க. ரெண்டாவது தடவை புள்ளைகிட்டப் பேசினத வெட்டிட்டாங்க. பேசவும் கூடாது, அழவும் கூடாது. அப்போ நம்ம ஆளுங்க யாராவது குட்டிப் புள்ளயோட இங்க வந்துட்டா? யோசிச்சுப் பாத்தேன். மூணாவது தடவை ஷூவப் போட்டுக்கிட்டேன். அதை யாரு வெட்டுவா? வெட்டுதவங்க எல்லாருமே வீட்டுக்குள்ள ஷூவோட நடக்கறவங்க. அவங்களுக்கு அது கண்ணுல படவே படாது."

"அப்ப நீங்க வீட்டுல…" என்றாள் வல்லி.

"நானா? அய்யய்யோ. அந்த ஒரு நாளுதான். இன்னைக்கு வரைக்கும் வாசல்லதான் கழட்டுதேன். சாமிகிட்ட அன்னைக்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் நின்னேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "ஆனா ஒண்ணு சொல்லிருதேன். ஊரைக் கெட்டதுன்னு சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரரு இடுப்புல துப்பாக்கியோடதான் மழையில நின்னு எங்க கார் டயரை மாத்திக் குடுத்தாரு. ஆவுடை பள்ளிக்கூடத்துல அது நடந்தப்போ அவரும் எங்ககூட வாசல்ல உக்காந்து அழுதாரு. நல்ல மனுசங்கதான். நீங்க வந்தாலும் சந்தோசம், எனக்குப் பேச்சுத் துணை ஆச்சு. தெரிஞ்சுக்கிட்டு வாங்கன்னுதான் சொல்லுதேன்."

"நீங்க ஏன் போகல?" என்று முதல்முறையாக வாயைத் திறந்தான் தவசிமுத்து.

"எங்க போக, தம்பி? இந்த வீட்டை வித்தா நீங்க இருக்கற பக்கம் ஒரு கதவுதான் வாங்கலாம்."

நன்றி என்கிற சொல் சின்னதாக இருந்தது. உலகம்மையின் கையை, அந்தப் பிளந்த நகத்தை, இரண்டு கைக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டாள். உலகம்மையும் எடுக்கவில்லை. கடைசியில் நங்கை வந்து, "எனக்கும் கை" என்று நடுவில் கையை நுழைத்தது.

காரில் ஏறியதும் தவசிமுத்து சாவியைப் போட்டான், வண்டியை எடுக்கவில்லை.

"வல்லி."

"சொல்லுங்க."

"அந்த நாலு ரூம்ல ஒரு ரூம் எனக்குன்னு நெனச்சு வச்சிருந்தேன். சும்மா உக்காந்து பேப்பர் பாக்க."

"தெரியுங்க."

"மத்தியானச் சாப்பாடு வேற." மூக்கை உறிஞ்சினான். "சரி. பாத்துக்கிடுவோம். ரெண்டு ரயிலுதான? ரயிலு என்ன, என்னைய மட்டுமா சுமக்கு?"

அவ்வளவுதான். கையெழுத்துக்குக் காத்திருந்தவருக்குப் போன் போட்டு, மன்னிக்கச் சொன்னான். கல்யாணமான நாளிலிருந்து வல்லி அவனை எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள். அன்றைக்கு அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, இந்த மனுஷனைக் கொடுத்த சாமிக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டாள்.

பிரின்டனில் கிடைத்த வீடு சின்னதிலும் சின்னது. ஆள் திரும்பினால் முழங்கை பிரிட்ஜில் இடிக்கும். விலைக்கு வாங்க முடியவில்லை, வாடகைக்குத்தான். ஆனால் ஐந்தாவது மாடி, வெளிச்சம் தாராளம். தவசிமுத்து ஆபீசில் மல்லுக்கட்டி, ரயிலில் உட்கார்ந்து பார்க்கிற வேலையும் வேலைதான் என்று ஒத்துக்கொள்ள வைத்தான். அதனால் கொஞ்சம் முன்னதாகக் கிளம்ப முடிந்தது. அப்படியும் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். வல்லி ஒரு வேலை செய்தாள். அவன் ரயில் மாறுகிற நிலையத்துக்குப் பிள்ளையையும் தூக்குச்சட்டியையும் எடுத்துக்கொண்டு எதிரே போய்விடுவாள். அங்கிருந்து வீடு வரைக்கும் மூன்று பேருமாக ஒரே இருக்கையில். தயிர்ச் சோறு, மாவடு, பள்ளிக்கூடத்துக் கதை எல்லாம் ரயிலிலேயே முடிந்துவிடும். நங்கை தன் வகுப்பில் எல்லோரிடமும், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு அறை ஓடும் என்று சொல்லி வைத்திருந்தது. எதிர் இருக்கைக்காரர்கள் மாவடுவுக்குக் கை நீட்டுகிற அளவுக்குப் பழகிவிட்டார்கள்.

ஒரு நாள் ஜெபராஜ் போன் செய்தான்.

"அக்கா, பிரின்டன்ல இருந்து நம்ம ஆளுங்க நாள் ஒண்ணுகூட எங்கிட்ட இல்ல. நீங்க ஒண்ணு குடுப்பீங்களா? வாடகையிலயும் கொஞ்சம் கொறையும்."

"நாங்க ஹேசல்புரூக்க விட்டதுல ஒங்களுக்கு நஷ்டம்லா தம்பி? அதுக்கே எங்க மேல கோவமா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

ஜெபராஜ் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, ஒண்ணு சொல்றேன், மனசோட வச்சுக்கோங்க. ஹேசல்புரூக்குக்கு எங்கிட்ட ஏழெட்டு நாள் இருக்கு. நீச்சல்குளம் இருக்கற நாள், பிறந்தநாள் பார்ட்டி நடக்கற நாள், போட்டா அப்பவே கையெழுத்துப் போட்டுருவாங்க. சின்னப் புள்ள இருக்கற வீட்டுக்காரங்க வந்தா மட்டும் நான் அந்த அம்மா நாளைத்தான் போடுவேன். முதலாளிக்குத் தெரியாது."

வல்லி போனைக் காதில் வைத்தபடியே உட்கார்ந்துவிட்டாள். ஒருத்தி ஜாடையாகக் காட்டினாள் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஜாடையை எடுத்துவந்து தன் காலில் மாட்டிவிட்ட கை இன்னொன்று இருந்திருக்கிறது. முகம் தெரியாத யாருக்கோ நல்லது நினைக்கிறவர்கள் எங்கெங்கே, எந்தெந்தக் கடைக்குள் உட்கார்ந்திருக்கிறார்களோ!

"வலையக் கொண்டாங்க தம்பி" என்றாள்.

அந்த நாளில் அவள் எதையும் மறைக்கவில்லை. முழங்கை பிரிட்ஜில் இடித்தது, இடிக்கட்டும் என்று விட்டாள். துணி காயப் போட இடமில்லாமல் நாற்காலி முதுகில் போட்டதையும் நின்று நன்றாகப் பார்த்தாள். தவசிமுத்து இருட்டோடு கிளம்பிப் போனதும் அவன் படுத்திருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள், சூடு ஆறியிருந்தது. வருகிறவள் எவளோ, அதையும் தெரிந்துகொள்ள வேண்டுமல்லவா? இங்கே வாழ்வதற்கு இதுதான் விலை.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம். பின்கதவைச் சாத்தி முன்கதவைத் திறப்பதுதான் வழக்கம், வருகிற லட்சுமி பின்பக்கமாகப் போய்விடக் கூடாதே. இந்த வீட்டில் பின்கதவுக்கு எங்கே போவது? சமையலறை ஜன்னலைச் சாத்தினாள். முன்கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள். மேலே உள்ளதை நீக்கினாள். கீழே உள்ளதை நீக்கினாள். கதவைச் சுவரோடு சுவராகத் திறந்துவிட்டாள்.

வெளியே தாழ்வாரத்தில் எதிர்வீட்டுக் குழம்பு வாசனை. லிப்டிலிருந்து காய்கறிப் பையோடு இறங்கிய முதியவர் ஒருவர், யாரென்று தெரியாது, திறந்த கதவைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுத் தன் வழியே போனார். நங்கை வெறுங்காலோடு வாசலைத் தாண்டி ஓடி, தாழ்வாரக் கடைசி வரைக்கும் போய்த் தொட்டுவிட்டு, திரும்பி ஓடிவந்தது. வல்லி கூப்பிடவில்லை. மறுபடியும் ஓடட்டும் என்று விட்டாள்.

மனசு பதிவாகாது என்று அவளுக்குத் தெரியும். அதனால் என்ன? யாரோ ஒருத்தி நாளை இந்தக் கண்ணால்தான் பார்க்கப்போகிறாள். அவள் ஆற அமரப் பார்க்கட்டும் என்று, வல்லி வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டாள்.